நெஞ்சேட்டில் எழுதிய மறை

‘ஓதுதல்’ என்னும் சொல்லைத் தமிழ் முஸ்லிம்கள் எவரிடமிருந்தும் இரவல் வாங்கவில்லை. நூலின் உறுப்பொன்றுக்குத் தொல்காப்பியம் ‘ஓத்து’ என்று பெயரிடுகிறது. மறந்துபோன ஓத்தைத் திரும்பவும் பயின்றுகொள்ளலாம் என்னும் கருத்தை வள்ளுவர் ஒரு குறளுள் வைத்திருக்கிறார். தேவாரம் பாடுவோர் ஓதுவார் எனப்படுகின்றனர். பெரியபுராணம் தந்த சேக்கிழார் பிறந்த குன்றத்தூரில் அச்சொல்லை அறியாதார் இலர். மலையாளக் கரையின் மாப்பிள்ளைமார் தம் சிறார் குர்ஆன் பயிலும் இடத்தை ‘ஓத்துப்பள்ளி’ என்றே வழங்கினர். நம் இல்லங்களில் “பிள்ளை எங்கே ஓதுகிறான்?” என்றால் அது குர்ஆனைப் பற்றிய வினா, “எங்கே படிக்கிறான்?” என்றால் அது பள்ளிக்கூடத்தைப் பற்றிய வினா. வாயால் ஒலித்து, செவியால் வாங்கி, நெஞ்சில் நிறுத்தும் கல்விக்கென ஒரு தனி வினைச்சொல்லை இம்மண் முன்னமேயே ஆயத்தமாக வைத்திருந்தது.

நாம் ஓதிக்கொடுத்து வரும் குன்றத்தூர் வட்டாரம் ஒரு தலைமுறைக் காலத்துள் உருமாறிப் போயிற்று. வயலும் ஏரிக்கரையுமாய் இருந்த இடங்களில் வீடுகள் எழுந்தன. தென் மாவட்டங்களிலிருந்து பிழைப்பு நாடி வந்த குடும்பங்கள் மாங்காட்டிலும் அனகாபுத்தூரிலும் பம்மலிலும் குடியேறின. குடியேறிய இடத்தில் முதலில் தொழுகைக்கு ஓரிடம், அடுத்துப் பிள்ளைகள் ஓத ஓரிடம் என்பது நம்மவர் வழக்கம். அவ்வாறு தோன்றிய ஹிப்ழ் வகுப்புகளுக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோர் நம்மிடம் கேட்கும் வினாக்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. எத்தனை ஆண்டுகளில் முடிப்பான்? பள்ளிக்கூடப் படிப்பு கெட்டுப் போகாதா? இவர்களுக்குப் பின்னால் நின்று தயங்கித் தயங்கிக் கேட்பவர் ஒருவரும் இருப்பார்: பொருள் தெரியாமல் மனனம் செய்வதில் பயன் உண்டா? இவ்வினாக்கள் ஒன்றும் புதியன அல்ல. ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக ஆசிரியர்களும் சட்ட அறிஞர்களும் இவற்றோடு மல்லாடியே வந்திருக்கிறார்கள். அவர்கள் கண்ட விடைகளை அறிந்துகொண்டு பேசுவதே முறை.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் காலத்தில் மறையைக் காத்த முதற்பேழை மனித நெஞ்சமே. எழுதியோர் இருந்தனர்; பேரீச்ச மட்டைகளிலும் வெண்கற்பலகைகளிலும் தோல்துண்டுகளிலும் வசனங்கள் எழுதப்பட்டன. எனினும் ஓதத் தெரிந்த ஆளை அனுப்புவதே ஓர் ஊருக்குக் குர்ஆனை அனுப்புவதாக இருந்தது. ஹிஜ்ரி 4இல் அவ்வாறு அனுப்பப்பட்ட ஓதுநர்கள் எழுபதுபேர் பிஃரு மஊனா என்னுமிடத்தில் வஞ்சகமாகக் கொல்லப்பட்டனர். நபிகளாரின் மறைவுக்குப் பின் நிகழ்ந்த யமாமாப் போரில் மேலும் பலர் வீழ்ந்தனர். குர்ஆனை யாரிடம் கற்கலாம் என்று நபிகளார் பெயர் சுட்டிய நால்வருள் ஒருவரான சாலிம் (ரலி) அவர்களும் அங்கேதான் ஷஹீதானார். அப்போதுதான் உமர் (ரலி) அவர்கள் கலங்கி, கலீபா அபூபக்ர் (ரலி) அவர்களிடம் சென்று, மறை முழுவதையும் ஏடுகளில் தொகுக்குமாறு வற்புறுத்தினார்கள். பொறுப்பை ஏற்ற ஸைத் இப்னு ஸாபித் (ரலி) தாமே மறையை நன்கு அறிந்தவர். ஆயினும் தம் நினைவை மட்டும் நம்பி எழுதிவிடவில்லை. எழுத்தையும் பிறர் நெஞ்சையும் ஒப்புநோக்கியே தொகுத்தார். தொகுத்த ஏடுகள் பின்னர் அன்னை ஹப்ஸா (ரலி) அவர்களின் பாதுகாப்பில் இருந்தன. நெஞ்சுக்கு ஏடு காவல், ஏட்டுக்கு நெஞ்சு காவல் என்னும் ஏற்பாடு அன்று தொடங்கியது.

ஒரு நகரத்துக்கே ஓதிக்கொடுப்பது எங்ஙனம் என்னும் சிக்கலுக்கு முதல் விடை டமாஸ்கஸில் கிடைத்தது. உமர் (ரலி) ஆட்சியில் ஷாம் நாட்டுக்கு அனுப்பப்பட்ட மூவருள் ஒருவரான அபுத்தர்தா (ரலி) அவர்கள் அந்நகரப் பள்ளிவாசலில் மாணவரைப் பத்துப் பத்துப் பேராகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பத்துப் பேருக்கும் அவருள் தேர்ந்த ஒருவரைத் தலைவராக்கினார்கள். தாம் நடுவே நின்று மேற்பார்த்தார்கள். மாணவன் தவறினால் தன் தலைவனிடம் கேட்பான். தலைவன் தவறினால் அபுத்தர்தாவிடம் வருவான். ஆயிரத்து அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் இவ்வாறு பயின்றதாக நூல்கள் கூறுகின்றன. இன்று ஓர் உஸ்தாதின் முன்னே நாற்பது, ஐம்பது பிள்ளைகளை உட்கார்த்திவைத்து, “ஏன் தரமில்லை?” என்று கேட்கும் நிர்வாகிகள் இச்செய்தியை ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும்.

ஆனால் நம் கருத்தை மிகவும் கவர்பவர் கூபா நகரத்து அபூ அப்திர் ரஹ்மான் அஸ்ஸுலமீ (ரஹ்) என்னும் பெருந்தகை. உஸ்மான் (ரலி) காலம் தொட்டு ஹஜ்ஜாஜின் ஆளுகை வரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், கூபாப் பள்ளிவாசலில் அமர்ந்து குர்ஆன் கற்பிப்பதொன்றையே தொழிலாகக் கொண்டவர். அவருடைய மாணவர் ஆஸிம் (இறப்பு ஹிஜ்ரி 127). ஆஸிமின் மாணவர் ஹப்ஸ் (இறப்பு ஹிஜ்ரி 180). இந்த ஹப்ஸின் ஓதல்முறையே இன்று உலக முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் ஓதும் முறை. குன்றத்தூரில் ஒரு சிறுவன் ‘அம்ம’ ஜுஸ்உவைத் திறந்து ஓதத் தொடங்கும்போது, அவன் நாவில் இயங்குவது கூபாவின் அந்த ஆசிரியர் வழியாக வந்த ஓசைதான்.

அதே ஸுலமீதான் இன்னொரு செய்தியையும் விட்டுச் சென்றிருக்கிறார். தமக்குக் கற்பித்த நபித்தோழர்கள் பத்து வசனங்களைக் கற்றால், அவற்றில் உள்ள அறிவையும் செயலையும் கற்றுத் தேறாமல் அடுத்த பத்துக்குச் செல்லமாட்டார்கள் என்பது அவர் கூற்று. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவும், இப்னு உமர் (ரலி) அவர்கள் பகரா அத்தியாயம் ஒன்றைக் கற்க எட்டு ஆண்டுகள் செலவிட்டார்கள் என்ற செய்தியைத் தருகிறது. அரபியைத் தாய்மொழியாகக் கொண்டவர், நபிகளாரின் அவையில் இருந்தவர், நினைவாற்றலில் குறைந்தவர் அல்லர். அவருக்கு எட்டு ஆண்டுகள்! ‘பதினெட்டு மாதத்தில் ஹாபிழ்’ என்று சுவரொட்டி ஒட்டுவோர், எவருடைய ஓசையைக் கடத்துகிறார்களோ அவருடைய முறையை எங்கே தவறவிட்டார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டாமா?

பொருளறிவு மனனத்துக்குப் பகையன்று, துணை என்பதற்கு எடுத்துக்காட்டு ஒன்று. குர்ஆனில் ஒன்றுபோல ஒலித்து ஓரிரு சொல்லில் மாறும் வசனங்கள் மிகப் பல. முதஷாபிஹாத் எனப்படும் இவையே ஹாபிழ்களின் கால் இடறும் இடங்கள். வறுமையின் காரணமாகக் குழந்தைகளைக் கொல்லாதீர் என்னும் கட்டளை அன்ஆம், பனூ இஸ்ராயீல் ஆகிய இரு அத்தியாயங்களில் வருகிறது. முன்னதில் ‘உங்களுக்கும் அவர்களுக்கும்’ உணவளிப்போம் என்ற வரிசை. பின்னதில் ‘அவர்களுக்கும் உங்களுக்கும்’ என்ற வரிசை. பொருள் அறியாத பிள்ளை இதை நூறு முறை குழப்புவான். முதல் இடத்தில் வறுமை ஏற்கனவே வந்துவிட்டது. ஆகவே பெற்றோரின் உணவு முதலில் பேசப்படுகிறது. இரண்டாம் இடத்திலோ வறுமை வந்துவிடுமோ என்னும் அச்சமே உள்ளது. ஆகவே பிறக்கும் பிள்ளையின் உணவு முதலில் பேசப்படுகிறது. விரிவுரையாளர் காட்டிய இவ்வேறுபாட்டை ஒருமுறை தமிழில் சொல்லிவிட்டால் போதும், பத்து வயதுப் பிள்ளைக்கும் அவ்விடம் பிறகு தடுமாறுவதில்லை. இதை நாம் வகுப்பில் பலகாலும் கண்டிருக்கிறோம். ஹிஜ்ரி 643இல் மறைந்த ஸகாவீ (ரஹ்) என்னும் பேரறிஞர் இத்தகைய இடங்களுக்கென்றே மாணவர்க்கு ஒரு செய்யுள் நூல் இயற்றினார் என்றால், இது எத்துணைப் பழைய தொல்லை என்பது விளங்கும்.

ஸுலமீயைப் பற்றி மற்றொரு நிகழ்ச்சி. தம் மகனுக்குக் குர்ஆன் கற்பித்ததற்காகச் செல்வர் ஒருவர் ஒட்டகங்களை அனுப்பிவைத்தார். இறைவேதத்துக்குக் கூலி வாங்குவதில்லை என்று கூறி ஸுலமீ அவற்றைத் திருப்பிவிட்டார். மேடைகளில் இதைச் சொல்வோர் உண்டு. பெரும்பாலும் ஆசிரியரின் சம்பளப் பேச்சு எழும் வேளையில் சொல்வார்கள். வரலாறு அதோடு நின்றுவிடவில்லை. ஆதி ஹனபி இமாம்கள் குர்ஆன் கற்பிக்கக் கூலி பெறுவதைத் தடுத்தனர். ஷாபிஈ இமாம்கள் அனுமதித்தனர். பின்னர், மார்க்க விவகாரங்களில் மக்களிடையே அசட்டை பெருகிவிட்டது. இந்நிலையில் கூலியைத் தடுத்தால் குர்ஆன் மனனமே அழிந்துபோகும் என்று கண்டு ஹனபி அறிஞர்களும் அனுமதித்துத் தீர்ப்பளித்தனர். ஹிஜ்ரி 593இல் மறைந்த மர்கீனானீ (ரஹ்) அவர்களின் ‘ஹிதாயா’வில், நம் அரபுக் கல்லூரி மாணவர் ஆண்டுதோறும் வாசிக்கும் அந்நூலிலேயே, இக்காரணம் தெளிவாக எழுதப்பட்டுள்ளது. கடற்கரை ஊர்களின் ஷாபிஈகளும் உள்நாட்டு ஹனபிகளும் கலந்து வாழும் நம் புறநகரில் இரு மத்ஹபின்படியும் ஆசிரியருக்கு ஊதியம் உரிமையாயிற்று. கொத்தனார் ஒருவரின் நாட்கூலியோடு ஒரு ஹாபிழ் உஸ்தாதின் மாதச் சம்பளத்தை ஒப்பிட்டுப் பார்த்தால், நாம் எந்த இமாமையும் பின்பற்றவில்லை என்றே தோன்றுகிறது.

வட ஆப்பிரிக்காவின் கைரவானைச் சேர்ந்தவரும் ஹிஜ்ரி 256இல் மறைந்தவருமான இப்னு ஸஹ்னூன் ஆசிரியர் ஒழுக்கத்தைப் பற்றித் தனி நூல் எழுதினார். பிள்ளைகளிடம் சமநீதி, விடுமுறை, குர்ஆன் முடித்தால் ஆசிரியருக்குரிய அன்பளிப்பு, எழுதிய பலகையைக் காலால் அழிக்கக்கூடாது என்பது வரை அதில் பேசுகிறார். ஓதலுக்காக அடிப்பதற்கு அவர் இட்ட எல்லை மூன்று அடி. அது எல்லையே அன்றி ஏவல் அன்று. அவருக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த இப்னு கல்தூன், 1377இல் எழுதிய தம் முகத்திமாவில் இன்னும் ஆழமாகச் சென்றார். கடுமையால் வளர்க்கப்படும் பிள்ளை சோம்பலும் பொய்யும் சூதும் கற்றுக்கொள்கிறான். அவை அவனுக்கு இயல்பாகவே ஆகிவிடுகின்றன. தன்மானம் காக்கும் பண்பு அவனிடம் அழிந்துபோகிறது என்கிறார். சிறுவயதில் தூனிஸில் குர்ஆனை மனனம் செய்தவர் அவர்; வகுப்பறையைத் தூரத்திலிருந்து பார்த்துப் பேசியவர் அல்லர். பிரம்பின் அடிபட்ட இடத்தை நரகம் தீண்டாது என்று நம் ஊர்களில் ஒரு பேச்சு உலவிற்று. அதற்கு எந்த ஆதார நூலிலும் இடமில்லை.

இப்னு கல்தூன் அதே நூலில் நாட்டுக்கு நாடு இருந்த பாடமுறைகளையும் ஒப்பிடுகிறார். மக்ரிபில் குர்ஆன் தவிர வேறெதுவும் கற்பிக்கமாட்டார்கள். அந்தலூஸில் குர்ஆனோடு கவிதையும் இலக்கணமும் எழுத்தழகும் சேர்த்துக் கற்பிப்பார்கள். மொழியை முதலில் கற்பித்து, பொருள் விளங்கும் பருவத்தில் குர்ஆனுக்கு வரலாம் என்று காழி அபூபக்ர் இப்னுல் அரபீ முன்மொழிந்ததை எடுத்துக்காட்டி, கருத்து நன்றே, ஆனால் வழக்கம் இடந்தராது என்கிறார். பிள்ளை தந்தையின் கைப்பிடிக்குள் இருக்கும் வயதில் ஓதாவிட்டால், இளமை வந்தபின் ஓதாமலே போய்விடுவானோ என்ற அச்சமே அவ்வழக்கத்தின் வேர் என்று அவர் கண்டார். நம் வட்டாரத்துத் தாய்மார் சொல்வதும் இதுவேதான்.

இந்தியக் குர்ஆன் பிரதிகளின் ஓரத்தில் ‘ஐன்’ என்னும் எழுத்தும் அதன்மேல், நடுவில், கீழே மூன்று எண்களும் இருப்பதை வாசகர் கண்டிருப்பர். மேல் எண் அந்த அத்தியாயத்தின் எத்தனையாவது ருகூஃ என்பதையும், நடு எண் அதிலுள்ள வசனத் தொகையையும், கீழ் எண் அந்த ஜுஸ்உவில் எத்தனையாவது ருகூஃ என்பதையும் காட்டும். மதீனாப் பிரதியில் இக்குறி இராது. புகாரா நகரத்துப் பெரியோர் குர்ஆனை 540 ருகூஃகளாகப் பிரித்தனர் என ஸரக்ஸீ (ரஹ்) எழுதுகிறார். காரணம் எளிய கணக்கு: தராவீஹ் ஓரிரவுக்கு 20 ரக்அத், ரக்அத்துக்கு ஒரு ருகூஃ, 27ஆம் இரவில் முழுக் குர்ஆனும் நிறைவுறும். மத்திய ஆசியாவில் ஹாபிழ்களின் வசதிக்காகச் செய்த கணக்கொன்று குன்றத்தூர்ப் பிள்ளையின் கைப்பிரதியில் இன்றும் அச்சாகி வருகிறது!

தமிழகத்துக்கு வருவோம். இங்கே முதற்சிக்கல் எழுத்தொலி. அரபியில் ‘காப்’ என்னும் எழுத்தால் தொடங்கும் கல்ப் என்றால் நாய். அடித்தொண்டையில் பிறக்கும் மற்றொரு ‘காஃப்’ கொண்டு தொடங்கினால் இதயம். தமிழில் இரண்டுமே கல்புதான். ‘ஹாபிழ்’ என்று எழுத நாம் நம் சிறப்பு ழகரத்தை எடுத்துக்கொள்கிறோம். ஆனால் தமிழ் ழகரத்துக்கு நா மேலே வளைகிறது, அரபியின் ‘ழா’வுக்கு நாநுனி மேற்பல் விளிம்பைத் தொடுகிறது. யாஸீனைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டு விற்கும் சிறு நூல்கள் செய்யும் கேடு இதனால்தான். நம் முன்னோர் இச்சிக்கலை மறுதலையாகத் தீர்த்தனர். அரபு எழுத்தோடு புள்ளிகள் சேர்த்துத் தமிழுக்கு மட்டுமே உரிய ஒலிகளுக்கும் எழுத்தமைத்து, அரபுத்தமிழில் தமிழை எழுதினர். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இவ்வெழுத்தில் மார்க்க நூல்கள் பெருகின. வீட்டுக்குள் இருந்த பெண்மக்களுக்கும் அவை எட்டின. குர்ஆன் ஓத ஒருமுறை கற்ற எழுத்தே தமிழில் பொருள் விளங்கவும் பயன்பட்டது என்பதுதான் இதன் அருமை. அரபுத்தமிழ் வழக்கொழிந்தபின் ஓதும் எழுத்து ஒன்று, விளங்கும் எழுத்து வேறொன்று என்றாயிற்று. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் பயின்ற அப்துல் ஹமீது பாகவி (ரஹ்) அவர்களின் முழுத் தமிழ் மொழிபெயர்ப்பு 1949இல் வெளிவந்து அப்பிளவை ஓரளவு அடைத்தது.

வேலூர், லால்பேட்டை அரபுக் கல்லூரிகள் 19ஆம் நூற்றாண்டில் எழுந்தன. தோல் வணிகர் காகா முஹம்மது உமர் 1924இல் உமராபாத்தில் தாருஸ்ஸலாமை நிறுவினார். ஆம்பூர், வாணியம்பாடி, பெரம்பூர் என்று எங்கு நோக்கினும் மதரஸாவின் பின்னே தோல் வணிகம் நிற்கிறது. பல்லாவரம், பம்மல் பக்கத்துத் தோல் தொழிலை அறிந்தோர்க்கு இது வியப்பாயிராது. இக்கல்லூரிகளுக்கு வடநாட்டு அறிஞருடன் இருந்த தொடர்பால், சபக், ஆமூக்தா, நாழிரா என்னும் பாரசீக, உர்தூ வழக்குகள் நம் ஹிப்ழ் வகுப்புகளில் நிலைத்தன. சபக் என்பது அன்றைய புதுப்பாடம். ஆமூக்தா பழைய பாடம். இரண்டுக்கும் நடுவே, அண்மையில் முடித்த ஜுஸ்உவை நாள்தோறும் ஒப்புவித்தல் உண்டு. நினைவாற்றல் நமக்கு இயலாததென்று எண்ணுவோர்க்கு ஒரு செய்தி: கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் 1907ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு பொருள்களில் ஒருங்கே கவனம் செலுத்திச் சதாவதானி எனப் பெயர் பெற்றார். அதுவும் தமிழ் முஸ்லிம் ஒருவரின் நெஞ்சுதான்.

இனிக் கணக்கு. மதீனாப் பிரதி 604 பக்கம். ஜுஸ்உவுக்கு ஏறத்தாழ 20 பக்கம். நாளுக்கு அரைப் பக்கம், மாதம் 25 நாள் என்று வைத்தால் நான்கு ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆகும். ஒரு பக்கம் என்றால் இரண்டு ஆண்டுகள். ஆனால் முன்னே செல்லச் செல்ல, பழைய பாடத்தின் சுமை நாள்தோறும் ஏறிக்கொண்டே வரும். இதைக் கணக்கில் எடுக்காத பெற்றோரே ‘பதினெட்டு மாத’ச் சுவரொட்டிக்கு மயங்குகிறார்கள். கட்டிய ஒட்டகத்தைவிட விரைவாக மறை நெஞ்சைவிட்டு நழுவும் என்று நபிகளார் எச்சரித்தது எல்லா ஹாபிழும் அறிந்ததே. பிரதியை மாற்றாதிருத்தலும் முக்கியம். பக்கமும் வரியும் கண்ணில் பதிந்துவிடுகின்றன. 13 வரி இந்தியப் பிரதியில் ஓதிய பிள்ளையிடம் ஹஜ்ஜிலிருந்து வந்த மாமா மதீனாப் பிரதியைப் பரிசளித்தால், அன்பின் விளைவாக ஒரு மாதம் தடுமாற்றம் உறுதி. ஒலிப்பதிவுகளும் அவ்வாறே. எகிப்தின் ஹுஸரீ (ரஹ்) 1961இல் முழுக் குர்ஆனையும் ஓதிப் பதிவு செய்து அளித்தது பெரும் கொடை. நாடா போய்க் கைப்பேசி வந்தபின் அக்குரல் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. அது செவியைத் திருத்தும். வாயைத் திருத்துவதற்கு எதிரே ஓர் ஆள் உட்கார்ந்தே ஆகவேண்டும்.

பள்ளிக்கூடத்தைப் பற்றிய வினாவுக்கு இப்போது வரலாம். 2009இல் இயற்றப்பட்ட இலவசக் கட்டாயக் கல்விச் சட்டத்திலிருந்து 2012ஆம் ஆண்டுத் திருத்தம் மதரஸாக்களுக்கும் வேத பாடசாலைகளுக்கும் விலக்களித்தது. சட்டம் விலக்களித்தது என்பதற்காகக் கல்வியையும் விலக்கிவிட்ட நிர்வாகங்கள் உண்டு. ஒன்பது வயதில் பள்ளியை விட்ட பிள்ளை பதின்மூன்றில் ஹாபிழாகி வெளியே வந்து, தமிழ்ப் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டிப் படிப்பதைக் காணுகையில் நெஞ்சு கனக்கிறது. அவனுக்கு மேல் அரபுக் கல்லூரியும் எளிதில்லை, பத்தாம் வகுப்பும் எளிதில்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகவும், தனித்தேர்வராகவும் எழுதவைக்கும் மதரஸாக்கள் இன்று பெருகி வருவது நல்ல மாற்றம். அடிக்கும் வழக்கத்துக்கோ எந்த விலக்கும் கிடையாது. பொறுப்பில் உள்ளோர் குழந்தையைக் கொடுமைப்படுத்துவதை 2015ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. இப்னு கல்தூனைக் கேளாதவர் இச்சட்டத்தையாவது கேட்பார்கள்.

எம் வட்டாரத்தில் பயன் தரக் கண்ட ஏற்பாடு இது. சுப்ஹுக்குப் பின் ஒன்றரை மணி நேரம் புதிய சபக்; அப்போது மனம் தெளிந்திருக்கும். பிறகு பள்ளிக்கூடம். மஃரிபுக்குப் பின் பழைய பாடம், இருவர் இருவராக ஒருவருக்கொருவர் ஒப்புவித்தல். வெள்ளிதோறும் அந்த வாரம் ஓதிய பகுதியின் கருத்து, தமிழில், அரை மணிக்கு மேற்படாமல். இம்முறையில் ஐந்தாறு ஆண்டுகள் செல்கின்றன. இடையில் நின்றுவிடும் பிள்ளைக்கும் பத்து ஜுஸ்உவோ பதினைந்தோ நெஞ்சில் தங்கும். பள்ளிக்கல்வியும் கையில் இருக்கும். முடித்த பிள்ளைகளை ரமழானில் இருவராகவே தராவீஹுக்கு அனுப்புகிறோம். முன்னே ஒருவன் ஓதுவான், பின்வரிசையில் நின்று மற்றவன் கேட்டுத் திருத்துவான். பத்து ரக்அத்துக்குப் பின் இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள்.